"டோபமைன் தீர்ந்துபோச்சு" என்கிறார்கள், உண்மையா? மேல்மலையிலிருந்து ஒரு கேள்வி

மேல்மலைப் பூண்டு | திங்கள், இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, வயது 23. குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். மூன்று மாதமாக ஒரு தொல்லை. புத்தகத்தைத் திறந்தால் பத்து நிமிடம் தாண்டுவதில்லை. எங்கள் வீட்டுக்குள் டவர் கிடைக்காது. மொட்டைமாடியின் மேற்கு மூலையில் நின்றால்தான் இரண்டு கோடு வரும். ஒரு பக்கம் படிக்கிறேன், மூலைக்குப் போகிறேன், வருகிறேன், மறுபடி போகிறேன். நேற்று எத்தனை தடவை என்று தாளில் கோடு போட்டேன். மதியச் சாப்பாட்டுக்குள் 31.

போன மாதம் கீழே ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே பேசியவர், "உங்க மூளையில டோபமைன் தீர்ந்துபோச்சு, அதான் சந்தோஷமும் இல்ல, கவனமும் இல்ல" என்றார். டோபமைன் என்பது மூளைச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல விடும் ஒரு ரசாயனமாம். முப்பது நாளைக்குப் போன், இனிப்பு, பாட்டு, அரட்டை எதுவும் கூடாதாம். விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டுமாம். அவர் தரும் பொடியைப் பாலில் கலந்து குடிக்க வேண்டுமாம். பொடி 1,800 ரூபாய், அதை வாங்கவில்லை. குளியல் மட்டும் பதினொரு நாளாக நடக்கிறது. இந்த மார்கழியில் ஐந்து மணித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டோபமைன் தீருமா? டெஸ்ட் எடுத்துப் பார்க்க முடியுமா? எனக்கு வேறு நோய் எதுவும் இல்லை. நல்லா இருக்கிற ஆளுக்கும் இது குறையுமா?

வட்டக்கானல் காற்று | திங்கள், இரவு 9:40

நண்பா, நான் அந்த விரதத்தைக் கொஞ்சம் மாற்றி இருந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். டோபமைன் ஏறியதா இறங்கியதா தெரியாது, மனசு லேசானது நிஜம். பொடி பக்கம் போகாதீர்கள்.

விலங்கியல் டீச்சர் | செவ்வாய், காலை 7:05

தம்பி, 29 வருடம் விலங்கியல் பாடம் எடுத்தவள் நான். இப்போது பண்ணைக்காட்டில் இருக்கிறேன். "தீர்ந்துபோச்சு" என்ற சொல்லைப் படித்ததும் வயிறு எரிந்தது. மூளை என்ன மண்ணெண்ணெய் டின்னா, அடியில் வறண்டுபோக?

மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. அவற்றில் டோபமைன் செய்பவை நடுமூளையில் இருக்கும் நாலிலிருந்து ஆறு லட்சம்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஆலமரம் மாதிரி கிளைவிட்டு மூளையின் முன்பக்கம் வரை போகிறது. சாப்பாட்டுப் புரதத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலம் வருகிறது. செல் அதை எல்-டோபா ஆக்கும், எல்-டோபாவை டோபமைன் ஆக்கும். பருப்பும் பாலும் முட்டையும் சாப்பிடுகிறவருக்கு மூலப்பொருளுக்குப் பஞ்சம் இல்லை. வெளியே விட்டதிலும் பெரும் பங்கைச் செல் திரும்ப உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

நிஜமாகவே தீர்ந்தால் எப்படி இருக்கும் என்பதை 1957 வாக்கில் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் பார்த்தார். மூளையில் டோபமைனைக் காலிசெய்யும் ரெசர்பின் என்ற மருந்தை முயல்களுக்குக் கொடுத்தார். காது தொங்கி, பிடித்துவைத்த பொம்மை போல் அசையாமல் கிடந்தன. எல்-டோபா ஊசி போட்டதும் கொஞ்ச நேரத்தில் காது நிமிர்ந்து எழுந்து நடந்தன. அதற்கெல்லாம் சேர்த்து 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதரில் அந்தச் செல்கள் சாவது பார்க்கின்சன் நோய். கை நடுங்குவது வெளியே தெரியும் நேரத்தில் அவற்றில் பாதிக்கு மேல் போயிருக்கலாம். மாடி மூலைக்கு 31 தடவை நடக்கிறவருக்கு டோபமைன் தீர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் கடைசிக் கேள்விதான் நல்ல கேள்வி. நோயில்லாத ஆட்களிடம் வேண்டுமென்றே டோபமைனைக் குறைத்துப் பார்த்திருக்கிறார்கள். இராப்பட்டினி போட்டு, காலையில் ஒரு கலவை கொடுப்பார்கள். அதில் மற்ற அமினோ அமிலங்கள் இருக்கும், டைரோசினும் அதற்கு முந்திய ஃபினைல்அலனினும் மட்டும் இருக்காது. வாயில் வைக்க முடியாத கசப்பு. கல்லீரல் அந்த அமிலங்களை வைத்துப் புரதம் கட்டும்போது உடம்பில் மிச்சமிருக்கும் டைரோசினையும் இழுத்துக்கொள்ளும். நாலைந்து மணி நேரத்தில் மூளைக்கு வரத்து குறைந்து, டோபமைன் உற்பத்தியும் இறங்கும். அப்போது மனநிலையைக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். இப்படி நடந்த சோதனைகளையெல்லாம் ஆம்ஸ்டர்டாம் குழு ஒன்று 2007இல் சேர்த்துக் கணக்குப் பார்த்தது. ஆரோக்கியமானவர்களின் மனநிலை இறங்கவில்லை. டோபமைன் குறைந்தால் உடனே சோகம் என்ற கதை அங்கேயே உடைந்துவிட்டது.

அப்படியானால் டோபமைனுக்கு என்னதான் வேலை? எலிகளிடம் பார்த்தது சொல்கிறேன். ஒரு பக்கம் கொஞ்சம் தீனி சும்மா கிடக்கும். இன்னொரு பக்கம் நிறையத் தீனி, ஆனால் நடுவில் ஏறித் தாண்ட வேண்டிய தடுப்பு. சாதாரண எலி ஏறிப் போய் நிறையத் தின்னும். மூளையின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் டோபமைனைக் குறைத்த எலி, சும்மா கிடப்பதைத் தின்றுவிட்டு உட்கார்ந்துவிடும். பசி போகவில்லை, ருசி போகவில்லை, ஏற மனம் வரவில்லை. 1989இல் கென்ட் பெரிட்ஜ் குழு இன்னும் ஒரு படி போனது. டோபமைன் கிட்டத்தட்ட முழுக்கப் போய்த் தானாகச் சாப்பிடாமலே கிடந்த எலியின் வாயில் சர்க்கரைத் தண்ணீரை விட்டார்கள். அது நாக்கைச் சுழற்றி ரசித்தது. ரசிப்பது வேறு, வேண்டும் என்று எழுந்து போவது வேறு. டோபமைன் இரண்டாவதோடு சேர்ந்தது.

மனிதரிலும் அதே வாடைதான். 2020இல் நோயில்லாத 50 இளைஞர்களிடம் ஒரு சோதனை. கஷ்டமான நினைவுச் சோதனைக்கு அதிகப் பணம், லேசான சோதனைக்குக் குறைந்த பணம், எது வேண்டும் என்று கேட்டார்கள். மூளையில் டோபமைன் உற்பத்தித் திறன் கூடுதலாக இருந்தவர்கள் கஷ்டமானதை அதிகம் எடுத்தார்கள். அவர்கள் கண் பணத்தின் பக்கம் போனது, மற்றவர்கள் கண் கஷ்டத்தின் பக்கம் போனது. "இதில் மெனக்கெட்டால் பலன் உண்டா" என்ற தராசில் டோபமைன் ஒரு விரலை வைக்கிறது. நீங்கள் புத்தகத்தை மூடும் அந்த நொடியில் இந்தத் தராசுதான் ஆடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

குறிஞ்சி2018 | செவ்வாய், காலை 10:31

டீச்சர் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் குளிர்ந்த தண்ணீரில் டோபமைன் 250 சதவீதம் ஏறும் என்று ஆராய்ச்சியே இருக்கிறது. தம்பி அந்தக் குளியலை விட வேண்டாம். நானும் செய்கிறேன், நாள் முழுக்கத் தெம்பாக இருக்கிறது.

விலங்கியல் டீச்சர் | செவ்வாய், பகல் 12:15

அந்த ஆராய்ச்சி உண்மைதான் தம்பி, 2000இல் வந்தது. இளைஞர்கள் பத்துப் பேர் 14 டிகிரித் தண்ணீரில் கழுத்தளவு ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்கள். நாம் ஊற்றுவது நாலு சொம்பு. அதுகூடப் பரவாயில்லை. அளந்தது எங்கே என்று பாருங்கள். ரத்தத்தில். ரத்தத்திலுள்ள டோபமைன் மூளைக்குள் போக முடியாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள தடுப்பு அதை விடாது. எல்-டோபாவை விடும், டோபமைனை விடாது. பார்க்கின்சன் நோயாளிக்கு எல்-டோபா கொடுப்பதே அதனால்தான்.

வாழைப்பழத்தில் டோபமைன் இருக்கிறது, தோலில் இன்னும் அதிகம். அதைச் சொல்லி நம் மலைவாழையை விற்கப் பார்க்கிறவர்களும் உண்டு. பழம் நல்ல பழம். ஆனால் அந்த டோபமைன் மூளைக்குப் போய்ச் சேராது.

உங்களுக்குத் தெம்பு வருவதை நான் மறுக்கவில்லை. அதே சோதனையில் உடம்பை உசுப்பும் நார்அட்ரினலின் என்ற ரசாயனம் 530 சதவீதம் ஏறியது. உடம்பு திடுக்கிட்டு விழித்துக்கொள்கிறது. அது போதும் என்றால் குளியுங்கள். ரத்தக்கொதிப்போ இதயக் கோளாறோ இருப்பவர்கள் மட்டும் இந்தப் பனியில் வேண்டாம்.

தாண்டிக்குடி காப்பி | செவ்வாய், மாலை 4:50

பொடி என்றதும் எழுத வந்தேன். 1,800 ரூபாய்ப் பொடியின் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பூனைக்காலி விதை இருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் கீழ்மலையில் வேலியோரம் ஏறிக் கிடக்கும் கொடி. காயில் வெல்வெட் மாதிரி சுணை, பட்டால் தோலைப் பிய்த்துக்கொள்ளத் தோன்றும். அந்த விதையில் டீச்சர் சொன்ன எல்-டோபாவே நூற்றுக்கு நாலைந்து பங்கு இருக்கிறது. நம் மலைப் பழங்குடிகளான பளியர்கள் அதைச் சாப்பிடுவார்கள். ஆனால் எப்படி? வேகவைத்துத் தண்ணீரை வடித்து, மறுபடி தண்ணீர் ஊற்றி வேகவைத்து வடித்து, இப்படிப் பல தடவை செய்த பிறகுதான். 1989இல் மொசாம்பிக்கில் பஞ்ச காலத்தில் ஒழுங்காக வடிக்காமல் சாப்பிட்டு 200 பேருக்கு மேல் புத்தி கலங்கிப் போனார்கள். பளியர்கள் கவனமாக வடித்துக் கொட்டுவதை நாம் காசு கொடுத்துப் பாலில் கலந்து குடிப்பதா?

காப்பி விற்கிறவன் காப்பியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காப்பி டோபமைனை ஊற்றுவதில்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தைக் கூட்டும். அது வந்து உட்காரும் இடத்துக்கு ஏற்பி என்று பெயர், காப்பியிலுள்ள காஃபீன் அங்கே தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. சில இடங்களில் அடினோசின் ஏற்பியும் டோபமைன் ஏற்பியும் ஒட்டியே இருக்கின்றன, ஒன்று மற்றதை அமுக்கும். அந்த அமுக்கல் விலகும்போது டோபமைனின் குரல் கொஞ்சம் பலமாகக் கேட்கும். குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போக ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்தால் பதினொரு மணிக்கும் பாதி உள்ளே நிற்கும். என் பிள்ளைகளுக்கு நான்கு மணிக்கு மேல் நான் கொடுப்பதில்லை.

காட் ரோடு டாக்சி | செவ்வாய், இரவு 8:20

டீச்சர், படித்தவர்கள் எல்லாரும் எழுதுகிறீர்கள், எனக்கு ஒரு சந்தேகம். வத்தலக்குண்டிலிருந்து மேலே 18 வருடமாக வண்டி ஓட்டுகிறேன். டம் டம் பாறைக்கு மேல் மூடுபனி இறங்கினால் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும். தூக்கக் கலக்கத்தில் இருந்தால் கவனம் நிற்காது, அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் சீசனில் பின்னால் இருபது வண்டி ஹாரன் அடித்து, உள்ளே பயணி வாந்தி எடுத்து, ரூம் புக்கிங் ஆள் போனில் கத்தி, ரொம்பச் சூடாக இருக்கும்போதும் கவனம் போகிறது. பழகின வளைவில் கியர் மாற்றக்கூட யோசிக்கிறேன். கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டதா?

மருந்தியல் மாணவி | செவ்வாய், இரவு 10:02

டாக்சி அண்ணா, நீங்கள் ஸ்டீயரிங்கில் கண்டுபிடித்ததைத்தான் எங்களுக்குக் கவிழ்த்துவைத்த கிண்ணம் மாதிரி ஒரு வளைகோடாக வரைந்து பாடம் எடுத்தார்கள். எனக்குச் சொந்த ஊர் பெருமாள்மலை, மதுரையில் படிக்கிறேன்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் ஒரு விஷயத்தைச் சில விநாடி மனசில் பிடித்துவைக்கிறது. 1979இல் குரங்குகளுக்கு அந்தப் பகுதியில் மட்டும் டோபமைனை அழித்தார்கள். போன தடவை இடது பக்கம் எடுத்தால் இந்தத் தடவை வலது பக்கம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்தப் பகுதியையே வெட்டி எடுத்தது போல் தடுமாறின. அதனால் குறைந்தால் கெட்டது. பிறகு கூடினாலும் கெட்டது என்றும் தெரிந்தது. மன அழுத்தத்தில் அங்கே டோபமைனும் நார்அட்ரினலினும் அளவுக்கு மேல் போய், பிடி நழுவுகிறது. நடுவில் ஒரு இடம்தான் சரியான இடம்.

அந்த இடம் ஆளுக்கு ஆள் மாறும். 1997இல் ஆரோக்கியமான இளைஞர்களுக்கு டோபமைன் போலவே வேலை செய்யும் புரோமோகிரிப்டின் மருந்தைக் கொடுத்தார்கள். நினைவுத் திறன் குறைவாக இருந்தவர்கள் தேறினார்கள், நன்றாக இருந்தவர்கள் கெட்டார்கள். அதே மாத்திரைதான். விடுதியில் தேர்வு நேரத்தில் மெதில்ஃபெனிடேட் மாத்திரை கைமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். அது கவனக்குறைவு நோய் உள்ளவர்களுக்கு மருத்துவர் பார்த்து எழுதும் மருந்து. நம் நாட்டில் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பூண்டு அண்ணா, யாராவது நீட்டினால் கையால் தொடாதீர்கள். நீங்கள் கிண்ணத்தின் எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்பதை அந்த மாத்திரை விற்கிறவர் அறியமாட்டார்.

இரவு ஷிஃப்ட் நர்ஸ் | புதன், காலை 6:30

இப்போதுதான் வேலை முடித்து வந்தேன். தம்பியின் டெஸ்ட் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ரத்தத்திலும் சிறுநீரிலும் டோபமைன் பார்க்கும் டெஸ்ட் இருக்கிறது. அது சில கட்டிகளைச் சந்தேகப்படும்போது எடுப்பது. மூளையில் எவ்வளவு என்று அது சொல்லாது. ஸ்கேன் போட்டு டோபமைன் ஏற்பிகளைப் பார்ப்பது ஆராய்ச்சிக்கூட வேலை. அதனால் "டோபமைன் டெஸ்ட்" என்று யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான் கேட்க நினைப்பது, தம்பி எத்தனை மணிக்குத் தூங்குகிறது? ஐந்து மணிக்குக் குளிக்கிறதே! 2012இல் நோரா வோல்கோ குழு ஆரோக்கியமான ஆட்களை ஒரு இரவு முழுக்க விழிக்க வைத்து ஸ்கேன் எடுத்தது. டோபமைன் வந்து உட்காரும் டி2 ஏற்பிகள் குறைந்து தெரிந்தன. டோபமைன் இருந்தும் வாங்கிக்கொள்ள ஆள் குறைவு என்ற மாதிரி. ஒரே ஒரு இரவு! நைட் டூட்டி முடிந்த காலையில், கொஞ்ச நேரத்துக்கு முன் எழுதிய சார்ட்டை நான் மூன்று தடவை படிப்பேன், மண்டையில் ஏறாது. எனக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை.

இன்னொன்று. எதிலும் விருப்பமில்லை, பசியில்லை, விடியும் முன் விழிப்பு, வாழ்ந்து என்ன என்ற நினைப்பு, இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். போக முடியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழில் பேசுவார்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள், காசு இல்லை.

மேல்மலைப் பூண்டு | புதன், இரவு 9:25

டீச்சர், அக்கா, எல்லோருக்கும் நன்றி. தூங்குவது பன்னிரண்டரைக்கு. எழுவது நாலே முக்கால். எழுதிப் பார்த்தபோதுதான் உறைக்கிறது. அக்கா சொன்ன மாதிரி எண்ணம் எதுவும் எனக்கு இல்லை. அம்மா செய்யும் சாப்பாடு ருசிக்கிறது, பந்து விளையாடினால் சிரிப்பு வருகிறது.

ஆனால் டீச்சர், மெனக்கெடத்தான் எனக்கு மனசில்லை என்றால் மாடி மூலைக்கு மட்டும் எப்படி 31 தடவை போகிறேன்? அங்கே பாதித் தடவை ஒன்றுமே வருவதில்லை.

விலங்கியல் டீச்சர் | வியாழன், காலை 6:50

பாதித் தடவை ஒன்றும் வருவதில்லை என்பதால்தான் தம்பி போகிறீர்கள்.

எனக்கு ஏழு வயது இருக்கும். அப்பா வாரம் ஒரு தடவை வத்தலக்குண்டு போய்க் கடைசி பஸ்ஸில் திரும்புவார். மஞ்சள் பையில் எங்களுக்குப் பொரி உருண்டை இருக்கும். முதல் தடவை பையைத் திறந்தபோதுதான் குதித்தோம். நாலைந்து வாரம் போனதும் கீழ் வளைவில் பஸ் ஹாரன் கேட்டாலே நாக்கில் வெல்லம் ஊறியது, ஓடினோம். உருண்டை கைக்கு வந்தபோது அந்தத் துள்ளல் இல்லை, பேசாமல் மென்றோம். ஒரு நாள் ஹாரன் கேட்டது, பஸ் நின்றது, அப்பா இறங்கவில்லை. வேலை முடியாமல் அங்கேயே தங்கிவிட்டார். பஸ் போன பிறகு ரோட்டில் நின்ற டீசல் வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. அன்று இல்லாமல்போனது ஒரு உருண்டைதான். ஆனால் உருண்டையே வராத மற்ற ஆறு நாளும் நான் அழுததில்லை.

சுவிட்சர்லாந்தில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990களில் குரங்குகளின் டோபமைன் செல்களில் மெல்லிய கம்பி வைத்துப் பார்த்தது இதையேதான். எதிர்பாராமல் பழச்சாறு வந்தால் செல் படபடவென்று துடிக்கும். விளக்கு எரிந்த பிறகுதான் சாறு வரும் என்று பழகிவிட்டால் விளக்குக்குத் துடிக்கும், சாறுக்குச் சும்மா இருக்கும். விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் அது வர வேண்டிய அதே நொடியில் செல் அடங்கிவிடும். வந்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை டோபமைன் எழுதிக்கொண்டே இருக்கிறது. 2014இல் லண்டன் ஆய்வாளர்கள் போன் விளையாட்டு ஒன்றின் மூலம் 18,420 பேரை இடையிடையே "இப்போ எப்படி இருக்கு மனசு" என்று கேட்டார்கள். எவ்வளவு ஜெயித்தார்கள் என்பதைவிட, எதிர்பார்த்ததைவிடக் கூடவா குறைவா என்பதை ஒட்டியே மனசு ஏறி இறங்கியது.

உங்கள் மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை ஒன்றும் இல்லை, அடுத்த தடவை ஏழு செய்தி. எப்போது என்று கணிக்கவே முடியாது. அதனால் மூளைக்கு அது பழகவும் இல்லை, அலுக்கவும் இல்லை. கவனம் போவதும் இதோடு சேர்ந்ததுதான். ஒரு சோதனையில் ஆட்களுக்கு ஒரு நிறத்தைக் கண்டுபிடித்தால் காசு என்று பழக்கிவிட்டு, பிறகு காசே இல்லாத வேறு வேலை கொடுத்தார்கள். அந்தப் பழைய நிறம் ஓரத்தில் தெரிந்தாலே கண் அங்கே போனது. 2016இல் அதையே ஸ்கேனில் பார்த்தபோது, டோபமைன் யாருக்கு அதிகம் வெளிப்பட்டதோ அவர்கள் கண் அதிகம் இழுபட்டது. உங்களுக்கு டோபமைன் வேலை செய்யாமல் இல்லை தம்பி. நன்றாகவே வேலை செய்கிறது, மாடி மூலைக்கு.

முப்பது நாள் பாட்டும் அரட்டையும் கூடாது என்பதை நான் ஏற்கமாட்டேன். "டோபமைன் விரதம்" என்ற பெயர் 2019 வாக்கில் கலிபோர்னியாவிலிருந்து பரவியது. தூண்டும் பொருளைக் கண்ணிலிருந்து தள்ளிவைக்கும் பழைய சிகிச்சை முறைக்குத்தான் அந்தப் பெயர். தள்ளிவைப்பது நல்லது, வட்டக்கானல்காரர் பீரோவில் பூட்டியது போல. நண்பர்களையும் பாட்டையும் எதற்குத் தள்ள வேண்டும்? படிப்புக்குச் சின்னச் சின்ன முடிவு வையுங்கள். ஒரு பக்கம் படித்தால் ஒரு கேள்வி எழுதிப் பார்ப்பது, சரியா தப்பா என்று அப்போதே திருப்பிப் பார்ப்பது. அதுவும் ஒரு ஹாரன்தான்.

மேல்மலைப் பூண்டு | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5:10

சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். இப்போது பத்தரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறேன். முதல் நாலு நாள் தூக்கம் வராமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன், அப்புறம் சரியானது. வெந்நீரில்தான் குளிக்கிறேன். போன் அரிசி டிரம்முக்குள் இருக்கிறது. ஒரு மணிக்கும் ஆறு மணிக்கும் எடுத்துக்கொண்டு மேலே போகிறேன். முதல் வாரம் டிரம் பக்கமே கண் போய்க்கொண்டிருந்தது. நேற்று மதியத்துக்குள் கோடு மூன்று.

எல்லா நாளும் ஓடுவதில்லை. செவ்வாய்க்கிழமை மூன்று மணி நேரம் சுத்தமாகப் போனது. அன்று அப்பாவோடு தார்ப்பாயில் உட்கார்ந்து பூண்டு தரம் பிரித்தேன். பெரிசு, நடுத்தரம், பொடி. இரண்டு மூட்டை முடிந்த பிறகுதான் இருட்டியது தெரிந்தது.

காட் ரோடு டாக்சி | ஞாயிறு, இரவு 7:45

தம்பி, புதன்கிழமை வடுகபட்டி வழியாகத் தேனிக்கு வண்டி காலியாகப் போகிறது. அந்த இரண்டு மூட்டையைச் சந்தையில் இறக்க வேண்டுமென்றால் காலை ஆறு மணிக்கு பூம்பாறை பஸ் ஸ்டாப்பில் வையுங்கள். ஹாரன் அடிக்கிறேன்.